‘உண்டு’ என்பதற்கு ஆங்கிலம் தேடிய ஊர்

பம்பலப்பிட்டிச் சந்தியிலிருந்து வெள்ளவத்தைப் பக்கமாகக் காலி வீதியில் நடந்து போனால், மின்கம்பங்களிலும் ஒழுங்கை முகப்புகளிலும் இரண்டு வகை அறிவித்தல்களைக் காணலாம். ஒன்று ‘அறை வாடகைக்கு உண்டு’ என்பது. மற்றது ஸ்போக்கின் இங்கிலிஷ் வகுப்புக்கு ஆள் சேர்க்கிற நோட்டீஸ். வடக்கிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியவர்கள்தான் தலைமுறை தலைமுறையாக அந்த வகுப்புகளின் வாங்குகளை நிரப்பினார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஆரம்பத்திலேயே வந்து வழி மறித்த பாடம் ஒன்று. ஒரு பொருள் ஓரிடத்தில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதே அது. ‘தேர் இஸ்’, ‘தேர் ஆர்’. இந்த இரண்டு சொற்கோவைகளைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே என் காலம் போயிற்று. அதன் சரித்திரத்தை, எனக்குத் தெரிந்த அளவில், எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் வட்டுக்கோட்டைப் பக்கத்தவள். ஆகவே கதையை அங்கிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் கால் வைத்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். டானியல் பூவர் அதன் முதல்வர். உயர் படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது. ஆனால் தமிழ் இலக்கணத்தையும் அங்கே விடவில்லை. இது பெரிய விஷயம். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும், 1857இல் உருவான சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். அதே தாமோதரம்பிள்ளைதான் 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சில் ஏற்றினார். ஆங்கிலத்தில் பட்டம் பெற்றவரின் மேசையில் தொல்காப்பிய ஏடு கிடந்தது. அந்தத் தலைமுறைக்கு இரண்டு இலக்கணமும் ஒரே நேரத்தில் கைவசம் இருந்தது. பிறகு வந்தவர்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நன்னூல் படித்தவருக்கு ‘உண்டு’ என்ற சொல்லின் பிறப்பு தெரியும். ‘வேறு, இல்லை, உண்டு’ ஆகிய மூன்றும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று நன்னூலார் விதித்திருக்கிறார். நான் உண்டு, அவள் உண்டு, மரங்கள் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே ‘உண்டு’. ஆனால் அதற்கு முந்திய நிலையில் ‘உண்டு’ என்பது ஒன்றன்பாலுக்கே உரியது. பலவின்பாலுக்கு ‘உள’ என்று வரும். ‘மாடு உண்டு, மாடுகள் உள.’ இதைத் தெரிந்தவருக்கு ‘இஸ்’, ‘ஆர்’ என்ற வேறுபாட்டை ஒரு நிமிடத்தில் விளக்கலாம். நாங்கள் பேச்சில் கைவிட்ட ஒரு கணக்கை ஆங்கிலேயர் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த விளக்கத்தை என் பள்ளிக் காலத்தில் ஒருவரும் எனக்குத் தரவில்லை. ‘ஒண்டுக்கு இஸ், கனக்க எண்டால் ஆர்’ என்று மனப்பாடம் பண்ண வைத்தார்கள்.

எதிர்த் திசையில் வந்த வெள்ளைக்காரருக்கும் இதே இடத்தில் தடை இருந்தது. 1839இல் சென்னையில் இறங்கிய ஜி. யு. போப், தமிழ் படிக்கும் ஐரோப்பியருக்காகக் கைந்நூல் எழுதியபோது ‘இருக்கிறது’, ‘உண்டு’, ‘இல்லை’ ஆகியவற்றைப் பாடமாக வைக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அகராதி வேலையை மைரன் வின்ஸ்லோ 1862இல் 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு முடித்து வெளியிட்டார். தமிழ் படித்த துரைமாருக்கு இத்தனை நூல்கள் பிறந்தன. ஆங்கிலம் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு, தமிழிலிருந்து புறப்பட்டு ஆங்கிலத்துக்குப் போகும் நூல்கள் அந்த அளவுக்குப் பிறக்கவில்லை. லண்டனுக்கும் பிறகு பம்பாய்க்கும் ஏற்றபடி எழுதிய இலக்கணங்களையே கையில் கொடுத்தார்கள்.

1833இல் கோல்புறூக் சீர்திருத்தம் வந்தது. ஆங்கிலம் ஆட்சிமொழி ஆயிற்று. ஆங்கிலம் தெரிந்தவனுக்கு அரசாங்க உத்தியோகம் என்று ஆனது. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்று யாழ்ப்பாணத்தார் சொல்லத் தொடங்கியது இதன் பின்விளைவுதான். 1905இல் காங்கேசன்துறை வரை ரயில் பாதை முழுமையாக இணைந்ததும் கிளாக்கர்மார் கொழும்புக்கு வரத்தொடங்கினார்கள். கோட்டையிலும் புறக்கோட்டையிலும் கந்தோர். தங்குவது கடற்கரை ரயில் பாதை ஓரத்தில் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுப்பார்கள். சைவச் சாப்பாட்டுக் கடையில் மாதக் கணக்கு. பிறகு குடும்பம் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. பம்பலப்பிட்டித் திருக்குடும்பக் கன்னியர் மடம் 1903இலேயே இருந்தது. 1922இல் புனித பேதுருவானவர் கல்லூரி. 1951இல் இந்துக் கல்லூரி.

அந்தக் கிளாக்கர்மாரின் ஆங்கிலம் கடித ஆங்கிலம். கோப்பில் குறிப்பெழுதவும் மேலதிகாரிக்கு விண்ணப்பம் எழுதவும் அவர்களுக்கு நிகர் அவர்களே. ஆனால் வீட்டில் என்ன இருக்கிறது, முற்றத்தில் என்ன நிற்கிறது என்பதை அவர்கள் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வந்ததே குறைவு. அதெல்லாம் தமிழில் நடந்தது. ஆகவே அந்தத் தலைமுறை இந்தத் தடையைத் தாண்டியதோ, அல்லது அதன் பக்கமே போகாமல் ஓய்வூதியம் எடுத்ததோ, யார் கவனித்தார்?

1956 வந்தது. அரசகரும மொழிச் சட்டம், அந்த ஆண்டின் 33ஆம் இலக்கம். சிங்களம் மட்டும் ஆட்சிமொழி. தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களத்தில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற நிலை வந்தது. மறுத்தவர்கள் சம்பள உயர்வை இழந்தார்கள், பலர் நேரத்தோடு ஓய்வு பெற்றார்கள். ஆங்கிலத்தில் கோப்பெழுதித் தலை நரைத்த மனிதர்கள் மாலையில் கொப்பியோடு சிங்கள வகுப்புக்குப் போனார்கள். அது அவமானமாக மனத்தில் தங்கிய காலம். அரசியலை எழுத நான் உட்காரவில்லை. ஆனாலும் அந்த வகுப்பில் ஒரு விசேஷம் நடந்தது. சிங்களத்தில் உயிருள்ளவற்றுக்கு ‘இன்னவா’, உயிரற்றவற்றுக்கு ‘தியெனவா’. ‘கெதர அம்மா இன்னவா’, அதாவது வீட்டில் அம்மா இருக்கிறா. ‘மேசய உட பொதக் தியெனவா’, மேசை மேல் ஒரு புத்தகம் கிடக்கிறது. இந்த வேறுபாடு யாழ்ப்பாணத்தானுக்குப் புதியதல்ல. எங்கள் பேச்சில் கொப்பி ‘கிடக்கு’, முருங்கை ‘நிக்குது’, அம்மா குசினிக்குள் ‘நிக்கிறா’, போத்தலுக்குள் எண்ணெய் ‘இருக்கு’. வீட்டில் ஆள் உண்டோ என்று தொலைபேசியில் கேட்பதானால் ‘அப்பா நிக்கிறாரோ?’ என்றுதான் கேட்போம். ஒரு பொருள் எப்படி இருக்கிறது, படுத்தா, நின்றா, அடங்கியா என்பதை வினையே சொல்லிவிடும். சிங்களம் அதில் பாதியைச் செய்கிறது. ஆங்கிலம் அதில் ஒன்றையும் செய்வதில்லை. புத்தகமானாலும் அம்மாவானாலும் ‘இஸ்’தான். ஆக, தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் உயிருள்ளது, உயிரற்றது என்ற கணக்கு குறைகிறது. ஒருமை, பன்மை என்ற கணக்கு கூடுகிறது. வகுப்பில் இதை ஒரு முறை சொல்லிவிட்டால் பிள்ளையின் முகம் தெளிந்துவிடும்.

ஆங்கில ரீச்சர்மார் இதைச் சொல்லாததற்குக் காரணம் சோம்பல் அல்ல. ஆங்கில வகுப்பில் தமிழில் வாயைத் திறக்கக் கூடாது என்ற விதி அவர்களுக்கும் இருந்தது. உலகம் முழுவதும் அந்தக் காற்று வீசிய காலம். சி. கே. ஒக்டென் 1930இல் 850 சொற்களுக்குள் முழு ஆங்கிலத்தையும் அடக்கி ‘பேசிக் இங்கிலிஷ்’ என்று வெளியிட்டார். வினைச்சொல் என்று அதில் பதினெட்டுக்கு மேல் இல்லை. அந்தப் பதினெட்டிலும் ‘பி’ என்ற இருத்தல் வினைக்கு இடம் கொடுத்திருந்தார். அது இல்லாமல் ஆங்கிலத்தில் ஒரு வீட்டை விவரிக்கவே முடியாது. மைக்கல் வெஸ்ட் டாக்காவில் பாடநூல்கள் எழுதினார். பின்னர் ஐம்பதுகளில் சென்னை மாநிலத்தில் ஆங்கில ஆசிரியர்களைத் திரட்டி, வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக அடுக்கிப் பயிற்றும் முறையைப் பரப்பினார்கள். அந்த அடுக்கில் ‘திஸ் இஸ்’ முதலில். அதற்குப் பின் அதிக தூரமில்லாமல் ‘தேர் இஸ்’. நல்ல ஒழுங்கு. மறுக்கவில்லை. ஆனால் எந்த மொழிக்காரப் பிள்ளைக்கும் ஒரே படிக்கட்டு என்பதை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு மொழிக்காரனும் வேறு வேறு படியில் தடுக்குவான். தமிழன் தடுக்குவது இந்தப் படியில்.

எங்கே தடுக்குகிறான் என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். இரண்டு தமிழ் வாக்கியங்களை எடுப்போம். ‘மேசையிலை கொப்பி கிடக்கு.’ ‘கொப்பி மேசையிலை கிடக்கு.’ இரண்டிலும் சொற்கள் அதே மூன்று. ஆனால் எங்கள் பிள்ளை ஒன்றை மற்றதன் இடத்தில் சொல்லமாட்டாள். முதலாவது, மேசையில் என்ன கிடக்கிறது என்று கேட்டவருக்குச் சொல்வது. கொப்பி புதிய செய்தி. இரண்டாவது, என் கொப்பி எங்கே என்று கேட்டவருக்குச் சொல்வது. கொப்பி இருவருக்கும் தெரிந்தது, இடம்தான் செய்தி. சொல்லை இடம் மாற்றி வைத்து இந்த வேலையை நாங்கள் செய்கிறோம். வினை எப்போதும் கடைசியில் நிற்பதால் அப்படி மாற்றி வைக்க எங்களுக்குத் தாராளமாக இடம் உண்டு. ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. அங்கே வினைக்கு முன்னால் எழுவாய் இருந்தே ஆக வேண்டும். புதிய செய்தியைப் பின்னுக்கு வைக்க ஆசை. முன்னிடத்தை வெறுமையாக விடவும் முடியாது. அதற்காகப் பொருளில்லாத ஒரு ‘தேர்’ வந்து முன்னால் உட்காருகிறது. நூறாம் இலக்க பஸ்ஸில் பின்னால் வருபவருக்காக லேஞ்சி போட்டு இடம் பிடிப்போமே, அந்த லேஞ்சிதான் இந்தத் ‘தேர்’. உரியவர் பின்னால் வருகிறார். வினை ‘இஸ்’ஸா ‘ஆர்’ஆ என்பதை அவரைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே ‘மேசையிலை கொப்பி கிடக்கு’ என்பது ‘தேர் இஸ் எ புக் ஒன் த டேபிள்.’ ‘கொப்பி மேசையிலை கிடக்கு’ என்பது ‘த புக் இஸ் ஒன் த டேபிள்.’ முன்னதில் ‘எ’, பின்னதில் ‘த’. ஆங்கிலம் படிக்கும் தமிழர் ஆயுள் முழுக்கத் தடுமாறுகிற ‘எ’, ‘த’ விவகாரத்திலும் பாதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது. பிள்ளைக்கு இந்த வேறுபாடு ஏற்கெனவே தெரியும். பேசப் பழகிய வயதிலிருந்தே தெரியும். தெரிந்ததைத் தெரிந்தது என்று காட்டாமல், அந்நியமான ஒன்றைப் போல் திணித்தோம். அதன் விளைவுதான் கொழும்பில் இன்றும் கேட்கிற ‘மில்க் இஸ் தேர்?’, ‘சேர் இஸ் தேர்?’ என்பவை. அவை பிழையே என்று நான் அடிக்க வருவதில்லை. தமிழ்ச் சொல்லொழுங்கு ஆங்கில உடை உடுத்து வந்து நிற்கிறது. ஆனால் பரீட்சைத் தாளில் அதற்குப் புள்ளி இல்லை.

உடைமையைச் சொல்வதும் இதன் பக்கத்து வீடு. ‘எனக்கு ரெண்டு தம்பிமார் இருக்கினம்’ என்பதை ‘தேர் ஆர் டூ பிரதர்ஸ் டு மீ’ என்று பிள்ளைகள் எழுதுவார்கள். தம்பிமாரானாலும் காசானாலும் காய்ச்சலானாலும், நாங்கள் உடையவருக்கு நான்காம் வேற்றுமை போட்டு ‘இருக்கினம்’, ‘இருக்கு’ என்று முடிப்போம். ஆங்கிலத்தில் அங்கே ‘ஹாவ்’ வர வேண்டும். ‘எனக்கு’ என்று தொடங்கினால் ‘ஹாவ்’, இடத்தில் தொடங்கினால் ‘தேர்’ என்று சொல்லிக் கொடுத்தேன். எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி இல்லை. ஆனால் தொடக்கக்காரருக்குப் போதும்.

1983 ஜூலைக் கலவரத்தை இந்த ஊரில் இருந்தவர்கள் எவரும் தாண்டி எழுத முடியாது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாகியது. பலர் வடக்கே போனார்கள். பலர் கடல் கடந்தார்கள். தொண்ணூறுகளில் வடக்கிலிருந்து மறுபடி சனம் வந்து வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி லொட்ஜுகளில் விசாவுக்குக் காத்திருந்தது. அப்போது எழுந்தவைதான் மாடியறை ரியூட்டரிகள். லோரன்ஸ் வீதிக்குக் கிட்டிய ஒரு ஒழுங்கையில் நானும் மாலை வகுப்பு எடுத்தேன். கரும்பலகை, நீள வாங்குகள், ஒரு மின்விசிறி, கடல் பக்கமிருந்து ரயில் போகும் சத்தம். ரயில் போகும்வரை எல்லோரும் பேசாமல் இருப்போம்.

2010 நவம்பர் 29இலிருந்து பிரித்தானியாவில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போகிறவர்களுக்கு ஆங்கிலப் பரீட்சை கட்டாயமாயிற்று. ஏ1 என்ற அடிமட்ட நிலை. பேசவும் கேட்கவும் தெரிந்தால் போதும். பின்னர் 2015இல் ஐஈஎல்ரிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் என்று தனிப் பரீட்சையே வந்தது. இரண்டு பரீட்சார்த்திகளை ஒன்றாக இருத்தி, 16 முதல் 18 நிமிடம் பேச வைப்பார்கள். உங்கள் வீட்டைப் பற்றி, ஊரைப் பற்றி, குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்பது போன்ற தலைப்புகள். அதாவது, ஒரு தமிழ்ப் பெண் தன் கணவனோடு சேர்ந்து வாழ்வதா இல்லையா என்பது, ‘தேர் இஸ்’, ‘தேர் ஆர்’ என்று நாலு வாக்கியம் தடையில்லாமல் சொல்வதில் வந்து நின்றது. கிளாக்கர்மார் பக்கமே போகாமல் விட்ட வாக்கியம், நூறு ஆண்டு சுற்றி வந்து அவர்களுடைய பேத்திமாரைப் பிடித்துக்கொண்டது.

என் வகுப்புக்கு வன்னியிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். கலியாணம் முடிந்து, மாப்பிள்ளை லண்டனில். முதல் நாள், ‘உங்கடை வீட்டிலை என்னென்ன இருக்கு? பாத்துப் பாத்துச் சொல்லுங்கோ’ என்றேன்.

‘ரீச்சர், எந்த வீட்டைச் சொல்ல? இப்ப இருக்கிறது பெரியம்மா வீடு.’

‘உங்கடை வீடு?’

‘அது இல்லை ரீச்சர். இருந்தது.’

நான் பலகையில் ‘தேர் வாஸ்’ என்று எழுதினேன். பாடநூலில் இறந்த காலம் பல பாடம் தள்ளியே வரும். அவளுக்கு அதுவே முதலில் தேவைப்பட்டது. தேர் வாஸ் எ வெல். தேர் வேர் ஃபோர் கோகனட் ட்ரீஸ். தேர் வாஸ் எ கௌ ஷெட். ஒவ்வொன்றையும் முதலில் தமிழில் சொல்லச் சொன்னேன். ‘எங்கடை வளவிலை ஒரு கிணறு இருந்தது.’ இடம், பொருள், வினை. அதைக் கையால் காட்டிக் காட்டி ஆங்கிலத்துக்கு மாற்றினோம். கிணற்றையும் தென்னையையும் மாட்டுக் கொட்டிலையும் ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள். அதற்குப் பிறகே பெரியம்மா வீட்டின் கதிரைக்கும் அலுமாரிக்கும் யன்னலுக்கும் வந்தோம். பரீட்சையில் சித்தியடைந்தாள்.

அந்தப் பிள்ளைக்குப் பிறகு என் பாட ஒழுங்கையே மாற்றிவிட்டேன். தமிழ் வாக்கியத்தைப் பிள்ளையின் வாயிலிருந்து வாங்காமல் ஆங்கில வாக்கியத்தைப் பலகையில் எழுதுவதில்லை. மேசையும் கொப்பியும் சலித்துப்போனால் தெருவிலிருந்து எடுப்போம். காலி வீதியில் பழையதும் புதியதுமாக இரண்டு கதிரேசன் கோயில்கள்: தேர் ஆர். வஜிரா வீதியில் பிள்ளையார் கோயில்: தேர் இஸ். ஆடிவேல் நாளில் காலி வீதி முழுக்கச் சனம்: இங்கே பிள்ளைகள் ‘இஸ்’ஸா ‘ஆர்’ஆ என்று தங்களுக்குள் சண்டை பிடிப்பார்கள். ‘பீப்பிள்’ என்ற சொல் பார்வைக்கு ஒருமை, கணக்கில் பன்மை. எங்கள் ‘சனம்’ கூட அப்படித்தானே என்று கேட்பேன். ‘சனம் நிக்குது’ என்றும் சொல்வோம், ‘சனங்கள் நிக்கினம்’ என்றும் சொல்வோம். சண்டை அதோடு தீரும்.

தமிழில் விளக்கினால் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சிந்திக்கமாட்டார்கள் என்று இன்றும் பெற்றோர் வந்து சொல்கிறார்கள். தமிழ் ஒரு சொல்லும் பேசாத வகுப்பு என்பதை விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறார்கள். வட்டுக்கோட்டையில் இரண்டு இலக்கணத்தையும் ஒன்றாகப் படித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டங்களை வாங்கினார்கள் என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துவேன்.

பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிற இளம் ரீச்சர்மாரிடம் ஒன்று கேட்கிறேன். ‘தேர் இஸ்’ பாடத்தைத் தொடங்கும் அன்று, மேசையிலை கொப்பி கிடக்கு, கொப்பி மேசையிலை கிடக்கு என்ற இரண்டையும் பலகையில் எழுதுங்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். அதன் பிறகு ஆங்கிலத்தைத் தொடங்குங்கள்.